காதுக்கு ஏற்ற கருவி

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

பாட்டுக் கேட்க நல்ல ஹெட்போன் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பது ஆண்டு மலரில் எழுதத்தக்க பொருளா என்று உங்களில் சிலர் நகைக்கக்கூடும். கவிதையும் கதையும் எழுதும் ஆற்றல் பெற்றவர்கள் நம் கல்லூரியில் பலர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் தறியும் கொஞ்சம் இயற்பியலும்தான். ஆயினும் 1500 ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாத காலம் நான் பட்ட பாடும், அதனால் கற்ற பாடமும் பிறருக்கும் பயன்படும் என்ற நம்பிக்கையில் இதை எழுதத் துணிந்தேன்.

எங்கள் வீடு பள்ளிபாளையத்தை அடுத்த ஒரு சிற்றூரில் இருக்கிறது. வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறிப் பட்டறை. அப்பா தம் பதினேழாம் வயதில் தறி ஓட்டத் தொடங்கியவர்; இன்றைக்கு இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தறிச் சத்தத்துக்கு நடுவேதான் நான் பிறந்தேன், படித்தேன், உறங்கினேன். பட்டறையில் பாட்டுப் பெட்டி உண்டு. தறிகளின் ஓசையை மீறிக் கேட்க வேண்டும் என்பதற்காக அதை முழுச் சத்தத்தில் வைப்பார்கள். பாட்டு என்றால் அப்படித்தான் கேட்க வேண்டும் போலும் என்று நானும் எண்ணி வளர்ந்தேன்.

கல்லூரியில் சேர்ந்தபின் நாள்தோறும் பேருந்துப் பயணம். நடைபாதைக் கடையில் 150 ரூபாய்க்கு ஓர் இயர்போன் வாங்கினேன். அது காதில் சரியாகப் பொருந்தாது. பேருந்தின் இரைச்சல் உள்ளே வரும். நான் செல்போனில் சத்தத்தைக் கூட்டுவேன். மொத்தம் பதினைந்து படிகளில் பதினைந்தாவது படியில்தான் எப்போதும் பாட்டு ஓடும். இப்படி ஓர் ஆண்டு போயிற்று. ஒரு நாள் இரவு படுத்தவன் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"காதுக்குள்ள என்னமோ ஙொய்னு கத்துதுங்கப்பா" என்றேன்.

அப்பா சிரித்தார். "அதுக்கென்ன கண்ணு? எனக்கு இருவது வருசமாக் கத்திக்கிட்டுத்தான் இருக்குது. எல்லாத்துக்கும் அப்படித்தான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் புரண்டு படுத்துக்கொண்டார். எனக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை.

மறுநாள் எங்கள் இயற்பியல் பேராசிரியரிடம் சென்று நடந்ததைக் கூறினேன். பந்தி பரிமாறும் வேலைக்குப் போய்ச் சேர்த்த 1500 ரூபாய் கையில் இருப்பதையும், நல்லதாக ஒரு ஹெட்போன் வாங்க எண்ணுவதையும் சொன்னேன். அவர் சொன்ன மறுமொழி இதுதான்: "தம்பி, எது சத்தமாகப் பாடும் என்று பார்க்காதே. சத்தத்தைக் குறைத்து வைத்தாலும் எதில் எல்லாம் தெளிவாகக் கேட்கிறது என்று பார். அதுதான் நல்ல ஹெட்போன்."

இந்த ஒரு வாக்கியத்தின் பொருளை உணர்ந்துகொள்ளத்தான் எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

ஹெட்போன் என்பது நூறாண்டைக் கடந்த கருவி. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நதானியேல் பால்ட்வின் என்பவர் 1910-ஆம் ஆண்டு தம் வீட்டுச் சமையலறையில் செய்த கருவியை அந்நாட்டுக் கடற்படை வாங்கியது. கம்பியில்லாத் தந்திச் செய்தி கேட்கவே அது பயன்பட்டது. இசை கேட்பதற்கென்று இரு காதுக்கும் தனித்தனி ஒலி தரும் ஸ்டீரியோ ஹெட்போனை ஜான் காஸ் என்பவர் 1958-இல் கொண்டுவந்தார். 1979-இல் சோனி நிறுவனத்தின் வாக்மேன் வந்தபின் அது வீதிக்கே வந்துவிட்டது. உள்ளமைப்போ மிக எளியது. ஒரு காந்தம், அதன் இடைவெளியில் மெல்லிய கம்பிச்சுருள், சுருளோடு ஒட்டிய ஒரு சவ்வு. மின்னோட்டம் மாற மாறச் சுருள் முன்னும் பின்னும் அசைகிறது. சவ்வு காற்றை அசைக்கிறது. நாம் மனப்பாடம் செய்த ஃபிளெமிங்கின் இடக்கை விதிதான் அங்கே பாடுகிறது!

ஈரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கினேன். முதற் கடையில் பெட்டியைத் திறந்தால் வாங்கியே ஆக வேண்டும் என்றார்கள். பெட்டியின்மேல் '20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்' என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. மனிதக் காதின் எல்லையும் ஏறத்தாழ அதுவே. ஆனால் அந்த இரு எல்லைகளுக்கு இடையே எந்தச் சுரத்தை எவ்வளவு கூட்டிக் குறைத்துத் தருகிறது என்று சொல்லாதவரை அந்த எண்களால் பெரும் பயன் இல்லை. 150 ரூபாய் இயர்போன் பெட்டியிலும் இதே எண்கள்தானே இருந்தன!

மின்தடையும் உணர்திறனும் அவ்வாறல்ல, கவனிக்கத்தக்கவை. செல்போனின் சிறு மின்னழுத்தத்துக்கு 16 அல்லது 32 ஓம் உள்ள கருவி பொருந்தும். ஒலிப்பதிவுக் கூடங்களில் பயன்படும் 300 ஓம் கருவியைச் செல்போனில் செருகினால் ஒலி நலிந்துதான் வரும்.

இரண்டாவது கடையில் மாட்டிப் பார்க்க இசைந்தார்கள். இளையராஜா 1986-இல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' என்ற தொகுப்பைக் கொண்டு சென்றிருந்தேன். பாக், தியாகராஜர் ஆகிய இருவருக்கும் காணிக்கையாக்கப்பட்ட அத்தொகுப்பில் வயலின்கள் மிகுதி. சோதிப்பதற்கு அதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. 1400 ரூபாய்க்கு ஒன்றும் 1150 ரூபாய்க்கு ஒன்றும் எடுத்து வைத்தார்கள். முதலில் 1400 ரூபாய்க் கருவியே உயர்ந்ததாகத் தோன்றியது. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டிற்று. ஒரே படியில் வைத்தும் அது சற்றுக் கூடுதல் சத்தமாக ஒலித்தது. இரண்டில் எது சிறிது உரக்க ஒலிக்கிறதோ அதுவே சிறந்தது என்று நம் காது ஏமாந்துவிடும். எனவே இரண்டையும் ஒரே அளவு சத்தத்துக்கு, அதுவும் மெல்லிய சத்தத்துக்கு, இறக்கி வைத்துக் கேட்டேன். இப்போது முதற் கருவியில் அடித்தொனியின் முழக்கம் வயலினை மூடியது. இரண்டாவதில் ஒவ்வொரு வயலினும் தன் இடத்தில் இருந்து தனித்து ஒலித்தது.

அது காதை முழுதும் மூடும் வகை, பின்புறமும் அடைபட்டது. மெத்தை காதைச் சுற்றி இடைவெளியின்றிப் படிந்தால்தான் அடித்தொனி கசியாமல் இருக்கும்; வெளியோசையும் குறையும். என்னோடு வந்த நண்பன் கண்ணாடி அணிபவன். கண்ணாடிக் காம்பு மெத்தையைத் தூக்கியதால் அவனுக்கு அதே கருவி சுவையாக ஒலிக்கவில்லை. ஆகவே பிறர் சொல் கேட்டு வாங்காதீர்கள். தத்தம் காதில் மாட்டிப் பார்த்தே வாங்குங்கள். கால் மணி நேரம் மாட்டியபின் தலை வலிக்கிறதா என்றும் பாருங்கள். 1150 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன். மறுநாள் பேருந்தில் ஒன்பதாவது படியே எனக்குப் போதுமாயிருந்தது. (சாலையைக் கடக்கும்போது மட்டும் கழற்றிவிட வேண்டும்!)

அன்று மாலை அப்பாவின் தலையில் அதை மாட்டினேன். வாலிபத்தில் அவர் விரும்பிக் கேட்ட ஒரு திரைப்பாடலை வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டார். இடையிசை வந்தபோது விரல் நின்றது.

"இந்த எடத்துல சலங்கை வருமே கண்ணு? இதுல அத எடுத்துட்டாங்களா?"

நான் வாங்கி மாட்டிக் கேட்டேன். சலங்கை இருந்தது. மணி மணியாகத் தெளிவாக இருந்தது. என்னால் உடனே பதில் சொல்ல இயலவில்லை.

அடுத்த வாரம் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். காதைச் சோதித்து வரைபடம் ஒன்று தந்தார்கள். தாழ்ந்த அதிர்வெண்களில் கோடு ஓரளவு நேராக இருந்தது. 4000 ஹெர்ட்ஸை நெருங்கும்போது பள்ளத்தில் விழுந்தது. ஆய்வுக்கூடத்தில் எத்தனையோ வரைபடம் வரைந்திருக்கிறேன். எந்த வரைபடமும் என் கண்ணை நனைத்ததில்லை. உட்செவியில் சுமார் 15,000 மயிரணுக்கள் உள்ளன. இரைச்சல் முதலில் தாக்குவது உயர்ந்த சுரங்களை ஏற்கும் அணுக்களையே. அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை என்றார் மருத்துவர்.

அமெரிக்காவின் தேசியத் தொழிற் பாதுகாப்பு, உடல்நல நிறுவனம் 85 டெசிபல் ஓசையை நாளொன்றுக்கு 8 மணி நேரம்வரைதான் கேட்கலாம் என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி. 100-க்கு வெறும் 15 நிமிடம். தறிப்பட்டறையின் ஓசை நூறை ஒட்டியே இருக்கும். அப்பாவின் வேலை நேரமோ பன்னிரண்டு மணி! அவர் எங்கள் சோற்றுக்காக அந்த ஓசையில் நின்றார். நான் எதற்காகப் பதினைந்தாவது படியில் நின்றேன்? ஓசை மிகுந்த இசையால் நூறு கோடிக்கும் மேற்பட்ட இளைஞர்களின் செவித்திறன் ஆபத்தில் உள்ளது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவர்களில் ஒருவனாக நானும் இருந்தேன்.

மீதம் இருந்த 350 ரூபாயில் அப்பாவுக்குப் பஞ்சு போன்ற காதடைப்பான்கள் வாங்கினேன். "இழை அறுந்தாச் சத்தத்த வெச்சுத்தான் கண்டுபுடிக்கோணும், இதப் போட்டா எப்படி?" என்று முதலில் மறுத்தார். நான் விடவில்லை. பத்து நாள் கழித்து அவரே சொன்னார்: "தறி பேசறது கேக்குது கண்ணு. கத்தறதுதான் கொறஞ்சிருக்குது." இப்போது பக்கத்துத் தறிக்காரர்களும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள்.

நண்பர்களே! கேள்விக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தவர் வள்ளுவர். அந்தக் கேள்விக்கு வாயிலான செவி நமக்கு ஒரு முறைதான் வாய்க்கிறது. ஆயிரம் ரூபாய்க் கருவி பழுதானால் வேறு வாங்கிக்கொள்ளலாம். ஆகவே ஹெட்போன் வாங்கும்போது குறைந்த சத்தத்தில் கேட்டுப் பார்த்து வாங்குங்கள். வாங்கியபின் குறைந்த சத்தத்திலேயே கேளுங்கள். நாம் அப்பாவின் வயதை எட்டும்போதும் அந்தச் சலங்கை நம் காதில் ஒலிக்கட்டும்!