பினாங்கில் முதல் நாள்

"தனியாகவா புறப்படுகிறாய்?" என்று கேட்காதவர் எங்கள் தெருவில் ஒருவரும் இல்லை. அறுபது வயதை எட்டிய ஸ்திரீ துணையின்றிக் கடல் கடந்து போவதென்றால் ஊரார் சும்மா இருப்பார்களா? "காசிக்குப் போனாலும் புண்ணியம் உண்டு, பினாங்குக்கு என்னத்திற்கு?" என்றாள் அடுத்த வீட்டு மாமி.

காரணம் என் கைப்பையில் இருந்தது. மங்கிப்போன ஒரு தபால் உறை. 1941-ஆம் வருஷம் ஐப்பசி மாதம் என் பாட்டனார் எழுதிய கடிதம். கைக்குழந்தையாக இருந்த என் தகப்பனாரை விட்டுவிட்டு 1937-இல் நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர் அவர். பினாங்கு சூலியா வீதியில் ஒரு கடையில் கணக்குப்பிள்ளையாக அமர்ந்தார். 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் அந்நகரின் மீது குண்டு வீசின. அதன்பின் கடிதம் இல்லை. 1945-இல் யுத்தம் முடிந்தது, அப்போதும் இல்லை. என் பாட்டியார் 1979-இல் கண்ணை மூடும் வரையில் நெற்றிக் குங்குமத்தை அழிக்கவில்லை. என் தகப்பனாரோ, தம் தந்தைக்குத் திதி கொடுப்பதா, கூடாதா என்று அறியாமலே காலத்தைக் கழித்துப் போய்ச் சேர்ந்தார்.

விமானம் பாயான் லெப்பாஸில் இறங்கியபோது என் கடிகாரத்தில் மணி ஐந்து. அவ்வூர்க் கடிகாரத்தில் ஏழரை. வந்த முதல் நிமிஷத்திலேயே இரண்டரை மணி நேரத்தைப் பறிகொடுத்தேன். பாட்டனார் பல நாள் கப்பல் தளத்தில் கிடந்து கடந்த கடலை ஒரே இரவில், நாலு மணி நேரத்தில் கடந்து வந்தவளுக்கு, அதைப் பற்றிக் குறைப்பட உரிமை ஏது?

வெளியே வந்ததும் வெப்பம் ஈரத் துணியைப்போல முகத்தில் அப்பியது. ஆனால் கண்ணுக்கு எங்கும் பசுமை. ஒரு பக்கம் மலை, மறு பக்கம் கடல். இடையே வாடகை மோட்டார் ஜார்ஜ் டவுனை நோக்கி ஓடியது. 1786-இல் ஆங்கில வியாபாரக் கம்பெனிக்காக பிரான்சிஸ் லைட் என்பவர் அமைத்த துறைமுகப் பட்டினம் இது. 1957-இல் மலாயா சுதந்திரம் பெற்றது. 2008-இல் இப்பட்டினத்தின் பழைய வீதிகள் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டன. பாட்டனார் நடந்த சூலியா வீதி இன்னும் பெயர் மாறாமல் இருக்கிறது.

வழியில் பெயர்ப் பலகைகளைப் படித்து வந்தேன். "கெடாய்" என்ற சொல் கடைக்குக் கடை காணப்பட்டது. அது நம்முடைய "கடை"யேதான்! நம் கப்பல் அங்கே "காப்பால்". நம் கட்டில் அங்கே "காத்தில்". மனிதர்களுக்கு முன்பே நம் சொற்கள் போய்க் குடியேறிவிட்டன போலும். அவ்வூர்த் தமிழர்கள் ரிங்கிட் நாணயத்தை "வெள்ளி" என்றே சொல்கிறார்கள்.

நடுப்பகலில் சூலியா வீதியை அடைந்தேன். தமிழ் முஸ்லிம் வணிகரை அந்நாளில் சூலியர் என்று அழைத்ததால் வந்த பெயர் இது. உறையில் இருந்த இலக்கத்தைத் தேடி இரு முறை மேலும் கீழும் நடந்தேன். அந்த இடத்தில் இப்போது பிரயாணிகள் தங்கும் விடுதி ஒன்று இருந்தது. வாசலில் நின்ற சீன இளைஞன் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையைக் கை காட்டினான்.

அது "நாசி கண்டார்" கடை. நாசி என்றால் மூக்கு என்று எண்ணிவிடாதீர்கள். மலாய் மொழியில் அது சோறு. கண்டார் என்பது தோளில் சுமக்கும் காவடித் தடி. முற்காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் சோற்றையும் குழம்பையும் காவடி கட்டித் தெருத் தெருவாய் விற்ற வழக்கத்தால் வந்த பெயர். கல்லாவில் எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் இருந்தார். "பாய்" என்று அழைக்க வாயெடுத்தேன். ஆனால் வந்தவர் போனவர் எல்லாரும் அவரை "மாமா" என்றே அழைத்தார்கள். இத்தகைய கடைகளை நாடு முழுவதும் "மாமாக்" என்றே சொல்கிறார்கள்.

"தங்கச்சிக்கு எந்த ஊரு?"

"நாகப்பட்டினம்."

"நமக்கு நாகூர்!" என்று எழுந்தே விட்டார். உறையை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"தங்கச்சி, இந்த மாதிரிக் கடுதாசியோடு வந்தவங்களை எங்க வாப்பா காலத்திலேயும் பார்த்திருக்கேன். குண்டு விழுந்தப்போ போனவங்க உண்டு. சயாம் ரயிலுக்குப் போய்த் திரும்பாதவங்க உண்டு. நேதாஜி படையிலே சேர்ந்தவங்களும் உண்டு. உங்க பாட்டனார் எந்த வழியிலே போனாரோ, அதைச் சொல்ல இப்போ யாரும் இல்லை."

1942-க்கும் 1943-க்கும் இடையே ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதையில் மலாயாத் தமிழர் பல்லாயிரவர் மாண்டதை நான் படித்திருந்தேன். படித்தது வேறு, அத்தெருவில் நின்று கேட்டது வேறு. சோறு இறங்கவில்லை. பெரியவர் பணம் வாங்க மறுத்துவிட்டார்.

மாலையில் கொட்டித் தீர்த்த மழை விட்டதும் நடந்தேன். அரை மைலுக்குள் 1818-இல் எழுந்த கிறிஸ்தவ ஆலயம், சீனர்களின் கருணைத் தேவி கோவில், 1801-இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் என்று யாவும் அடுத்தடுத்து இருக்கின்றன. குவீன் வீதியில் 1833-ஆம் வருஷத்து மாரியம்மன் கோவில். உள்ளே சென்று அர்ச்சனைத் தட்டை நீட்டினேன்.

"யார் பெயருக்கு அம்மா?" என்றார் குருக்கள்.

பாட்டனார் பெயர் நாவின் நுனி வரை வந்தது. ஆனால் அர்ச்சனை உயிரோடிருப்பவருக்கு அல்லவா? பெயரைச் சொன்னால் பாட்டியின் குங்குமம் மெய்யாகும். சொல்லாவிட்டால் நானே அதை அழித்தவளாவேன். குருக்கள் காத்திருந்தார். எனக்குப் பின்னால் நாலு பேர் நின்றார்கள்.

"சுவாமி பெயருக்கே செய்துவிடுங்கள்" என்றேன்.

மணி ஒலித்தது. குங்குமத்தை வாங்கி, அந்தப் பழைய உறைக்குள்ளேயே மடித்து வைத்துக்கொண்டேன். வருகிற மஹாளய அமாவாசையன்று நாகப்பட்டினக் கடற்கரையில் பாட்டனாருக்கு எள்ளும் நீரும் இறைப்பதென்று அப்பொழுது முடிவு செய்தேன். அதற்குத் திதி தெரிய வேண்டியதில்லை.

மறுநாள் காலை, புறப்படுமுன், பெரியவரிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். "மாமா" என்றுதான் அழைத்தேன்.