அரண்மனைக்கு மேலே ஒரு காடு

கண்டிக்குப் போகிறவர்கள் ஏரியைச் சுற்றி வருவார்கள், கடைத்தெருவில் துணி எடுப்பார்கள், பேராதனைப் பூந்தோட்டத்தில் ஒரு பகலைக் கழிப்பார்கள். தலதா மாளிகைக்குப் பின்னால் எழும்பி நிற்கும் பச்சைக் குன்றை நிமிர்ந்து பார்ப்பவர்கள் குறைவு. பார்ப்பவர்களும் அது வெறும் மலை என்று எண்ணித் திரும்பிவிடுவார்கள். அதன் பெயர் உடவத்தக்கலை. நகரத்தின் முதுகிலேயே, நடந்து போகும் தூரத்தில், 104 ஹெக்டேயர் பரப்பில் ஒரு காடு இருக்கிறது நேயர்களே!

பெயரில் ஒரு சுவை உண்டு. சிங்களத்தில் 'உட வாசல வத்த' என்றால் அரண்மனைக்கு மேலே உள்ள தோட்டம். 'கெலே' என்றால் காடு. எங்கள் பூனாகலையிலும் ஒரு 'கலை' இருக்கிறது. ஆனால் அது 'கல' என்ற சொல்லிலிருந்து வந்தது, பாறை என்று பொருள். தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. ஒன்று காடு, மற்றது பாறை. இந்த வேற்றுமை அப்போது எனக்கு வேடிக்கையாகத்தான் பட்டது.

2024 ஏப்ரலில் நோன்புப் பெருநாள் முடிந்த விடுமுறையில் மாணவர்கள் ஆறு பேரையும் என் மகனையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். மாணவர்களில் நால்வர் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகள். பண்டாரவளை வரை பஸ், அங்கிருந்து ரயில். புத்தாண்டு நெரிசலில் நானுஓயா வரை நின்றுகொண்டே போனோம். அன்றிரவு அக்குறணையில் உறவினர் ஒருவர் வீட்டில் தங்கி, சுபஹு தொழுகைக்குப் பின் கண்டிக்கு பஸ் ஏறினோம்.

வாயிலில் வனத் திணைக்களத்தார் அனுமதிச் சீட்டுத் தருகிறார்கள். சீட்டோடு ஓர் எச்சரிக்கையும் கிடைத்தது: அட்டை இருக்கும், கவனம். எங்கள் பிள்ளைகள் சிரித்தார்கள். தேயிலை மலையில் வளர்ந்தவர்களுக்கு அட்டையைப் பற்றியா சொல்வது! ஒருவன் பையிலிருந்து சவர்க்காரக் கட்டியை எடுத்துக் காலில் தேய்த்துக்கொண்டான், மற்றவர்களுக்கும் கொடுத்தான். நகரத்திலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்தார் தயங்கி நின்றதைக் கண்டு அவர்களுக்கும் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தான்.

உள்ளே நுழைந்து நூறு அடி நடப்பதற்குள் கண்டியின் வாகன இரைச்சல் அடங்கிவிடுகிறது. மேலே இலைகளின் கூரை, கீழே ஈரச் சருகு, இடையில் பச்சை நிற வெளிச்சம். குக்குறுவான் ஒன்று எங்கோ விடாமல் குரல் கொடுத்துக்கொண்டிருந்தது. குரங்குகள் எங்கள் சோற்றுப் பார்சலைக் குறிவைத்து மரத்துக்கு மரம் தாவிப் பின்தொடர்ந்தன. சிங்களத்தில் 'பூஸ் வெல்' எனப்படும் பெருங்கொடியைப் பார்த்தபோது பிள்ளைகள் வாயடைத்துப்போனார்கள். கொடி என்றால் பாகற்கொடியையும் வெற்றிலைக் கொடியையும் அறிந்தவர்கள் அவர்கள். இது ஆளின் இடுப்புப் பருமனில் முறுக்கிக்கொண்டு ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குப் பாலம் போட்டிருந்தது. சுப்ஹானல்லாஹ் என்று என் வாய் தானாகவே சொல்லிற்று.

உள்ளே ஒரு குளம் இருக்கிறது. அரச குடும்பத்தார் நீராடிய இடம் என்கிறார்கள். அதனடியில் பொற்காசுகள் கிடப்பதாகவும் சிவந்த கண்ணுடைய பாம்பொன்று அவற்றைக் காப்பதாகவும் ஒரு கதையும் உண்டு. தண்ணீர் கலங்கலாக, அசைவில்லாமல் கிடந்தது. பொன் கிடக்கிறதோ இல்லையோ, அந்தக் கதை பலரைக் கரையிலேயே நிறுத்தியிருக்கும்.

16ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 1815 வரை கண்டி தலைநகராக இருந்தது. அக்காலத்தில் இக்காடு அரசருக்குரியது, பொதுமக்கள் நுழையக் கூடாது. தடுக்கப்பட்ட காடு என்னும் பொருளில் 'தஹனம் கெலே' என்றார்கள். 1815இல் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பிடிபட்டு வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தார். காடு ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1831 முதல் 1837 வரை ஆளுநராயிருந்த வில்மட் ஹோர்ட்டனின் மனைவி பெயரால் உள்ளே ஒரு பாதை இன்றும் இருக்கிறது. 1856இல் இது ஒதுக்கப்பட்ட வனமாக்கப்பட்டது. 1938இல் சரணாலயமாயிற்று. பௌத்த துறவிகளின் குடில்களும் உள்ளே உண்டு. ஜெர்மனியில் பிறந்து இலங்கைக்கு வந்து, பௌத்த நூல்கள் பலவற்றை எழுதிய ஞானபோனிக தேரர் இங்கேதான் நெடுங்காலம் வாழ்ந்து 1994இல் மறைந்தார். குடில்களின் அருகில் சத்தம் போடாமல் நடக்கும்படி பிள்ளைகளிடம் சொன்னேன். சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை, அந்த இடம் தானாகவே வாயை அடக்கிவிடுகிறது.

குளத்தைத் தாண்டி மேட்டில் ஏறும்போதுதான் மாணவர்களில் ஒருவன் கேட்டான்:

"சேர், இந்த மலையில ஏன் லயம் கட்டல்ல?"

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மண் சரிந்தபோது வீட்டை விட்டு வெளியேறிய குடும்பங்களில் இவனுடையதும் ஒன்று. அதற்கு முன்னர் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில், எங்களுக்கு அடுத்த கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் முழுவதும் மண்ணுக்குள் போயின. அன்று பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் பிழைத்தார்கள், திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டில் இருந்தவர்களும் இல்லை. மலை என்றால் அதன் மடியில் லயம் இருக்க வேண்டும் என்பதுதான் இவன் கண்ட உலகம். லயம் இல்லாத மலையை இவன் அன்றுதான் பார்த்தான்.

அவனுக்கு நான் சொன்ன பதிலைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன். 1840இல் ஆங்கிலேயர் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காடும் தரிசும் முடிக்குச் சொந்தம் என்றது அது. அப்படி முடிக்குச் சேர்ந்த மலைகள் கோப்பித் தோட்டங்களுக்கு விற்கப்பட்டன. கோடரியும் தீயும் மலைமலையாக ஏறின. 1869இல் கோப்பியில் இலைநோய் கண்டது. பின்னர் அதே மலைகளில் தேயிலை வந்தது. அந்த வேலைக்குத்தான் இவனுடைய பாட்டனுக்குப் பாட்டன் தமிழ்நாட்டிலிருந்து மன்னார் வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து வந்திருக்க வேண்டும். மலையெல்லாம் மொட்டையாகிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1856இல், அதே ஆட்சிதான் இந்த ஒரு குன்றைத் தொடக் கூடாது என்று ஒதுக்கிற்று. ஊரில் இருப்பவர்கள் நிழலில் நடக்க ஒரு காடு வேண்டியிருந்தது. லயத்தில் இருப்பவர்களின் தலைக்கு மேல் ஒரு காடு வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை.

காடு இருந்தால் மலை சரியவே சரியாது என்று நான் சொல்ல மாட்டேன். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போது கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் எத்தனை இடங்கள் சரிந்தன என்பதை அனைவரும் அறிவோம். நாங்கள் போன அந்த ரயில் பாதையும் பல இடங்களில் உடைந்துபோயிற்று. பெருமழை ஓர் அளவைத் தாண்டினால் வேர்களும் கைவிடும். ஆனாலும் ஆழ வேரோடிய மரம் மண்ணைப் பிடித்துக்கொள்கிறது, இலைக்கூரை மழையின் வேகத்தைக் குறைக்கிறது. செங்குத்தான சரிவில் மரங்களை எடுத்துவிட்டு, வடிகாலும் அடைபட்டு, அதன் அடிவாரத்தில் மக்களையும் குடியிருத்தினால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் பகுதியே சாட்சி.

'தடுக்கப்பட்ட காடு' என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு மதீனா நினைவு வந்தது. பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனாவைச் சுற்றி ஓர் எல்லையைப் புனிதமாக்கி, அதற்குள் மரத்தை வெட்டவும் வேட்டையாடவும் தடை விதித்தார்கள். நகீஃ என்னும் புல்வெளியை 'ஹிமா'வாக, அதாவது காப்பு நிலமாக ஒதுக்கினார்கள். அரசரின் காட்டுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. முந்தையது அரச குடும்பத்தின் இன்பத்துக்காக. ஹிமாவோ சமுதாயத்தின் குதிரைகளுக்கும் கால்நடைகளுக்கும் ஆனது. உமர் (ரலி) அவர்கள் தம் காலத்தில் ஹிமாவைப் பார்த்துக்கொள்பவரிடம், சொற்ப ஆடு ஒட்டகம் உள்ள ஏழைகளை உள்ளே விடும்படியும் செல்வர்களின் மந்தைகளைத் தடுக்கும்படியும் பணித்ததை ஹதீஸ் பாடத்தில் படித்திருக்கிறோம். பாடத்தில் ஒரு வரியாகக் கடந்துபோன செய்தி அது. அந்த மரநிழலில் நின்றபோதுதான் அதன் கனம் எனக்கு உறைத்தது.

இன்று இக்காட்டுக்குக் கோடரியால் ஆபத்தில்லை, மரத்தாலேயே ஆபத்து. தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட பெரு பால்சம் என்னும் மரத்தின் விதைகள் சிறகு முளைத்தவை போலக் காற்றில் பறந்து விழுகின்றன. விழுந்த இடமெல்லாம் கன்றுகள் அடர்ந்து, நாட்டு மரங்களுக்கு இடமில்லாமல் செய்கின்றன. நம் வீடுகளில் போத்தலில் தண்ணீர் விட்டு வளர்க்கும் மணிப்பிளாண்டும் இங்கே தரையை மூடிப் படர்ந்து, மரங்களிலும் ஏறி, அகலமான இலை விட்டிருக்கிறது. வேண்டாமென்று வீட்டுத் தொட்டியிலிருந்து பிடுங்குவதைக் காட்டோரம் எறிவதால் வரும் வினைகளில் இதுவும் ஒன்று. நம் வீட்டுப் பெண்மணிகள் கவனிக்க வேண்டிய செய்தி!

இறங்கி வரும் வழியில் ஆங்கிலேயப் படையினரின் பழைய மயானத்தையும் பார்த்தோம். 1815 உடன்படிக்கையை முன்னின்று நடத்திய ஜோன் டொய்லி 1824இல் இறந்து இங்கேதான் அடக்கப்பட்டிருக்கிறார். ஊவா மக்களாகிய நாங்கள் அந்தக் கல்லின் முன் சற்று நின்றோம். கண்டி அரசில் முஸ்லிம்கள் தவளமாடுகளில் உப்பும் கருவாடும் ஏற்றிவந்து பாக்கு ஏற்றிப் போனவர்கள். அந்தப் போக்குவரத்துக்கு 1817இல் ஹாஜி மரிக்கார் என்பவரை ஆங்கிலேயர் தம் விருப்பப்படி முகாந்திரமாக்கியது ஊவாக் கிளர்ச்சிக்குக் காரணங்களில் ஒன்றாயிற்று. அதை அடக்குகையில் ஊவாவின் வயல்களும் கிராமங்களும் எரிக்கப்பட்டன. மயானமோ புல் வெட்டி மிக நேர்த்தியாக வைக்கப்பட்டிருக்கிறது.

போக விரும்பும் குடும்பத்தாருக்கு: காலையிலேயே போய்விடுங்கள், ஏப்ரலில் பிற்பகல் இடிமழை வரும். வழுக்காத செருப்பு, சவர்க்காரம், தண்ணீர் போதும். சாப்பாட்டை வெளியில் வைத்துக்கொள்ளுங்கள், குரங்குகள் பொல்லாதவை. இரண்டு மூன்று மணி நேரத்தில் சுற்றி முடித்து, லுஹருக்கு மீரா மக்காம் பள்ளிக்கு வந்துவிடலாம்.

வாயிலை நெருங்கும்போது, லயத்தைப் பற்றிக் கேட்டவன் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்துக் காட்டினான். பூஸ் வெல்லின் விதை, உள்ளங்கையளவு, பழுப்பாக வழவழவென்று இருந்தது. ஊருக்குக் கொண்டுபோய் வீடிருந்த சரிவில் நட வேண்டுமாம். காவலர் பார்த்துவிட்டார். இங்கிருந்து ஒரு சருகைக்கூட எடுத்துப் போகக் கூடாது மகனே என்றார், சிங்களத்தில், கோபமில்லாமல். அவன் என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பிப் போய் அந்தக் கொடியின் அடியிலேயே வைத்துவிட்டு ஓடி வந்தான். சீட்டுக் கொடுத்தவரிடம், மண்ணைப் பிடித்துக்கொள்ளும் மரக்கன்றுகள் பண்டாரவளையில் எங்கே கிடைக்கும் என்று கேட்டு, அவர் சொன்ன இரண்டு மரங்களின் பெயரைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டான்.