அட்டை யாருக்கு?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அத்தனையையும் எங்கும் இடிக்காமல் கடந்துவிட்டால் எந்த மனிதனுக்கும் கொஞ்சம் கர்வம் வந்துவிடும். எனக்கும் வந்திருந்தது.

மேலே ஒரு விடுதியில் சாப்பிடப் போனேன். வாசலருகே ஒரே ஓர் இடம் காலி; தரையில் சக்கர நாற்காலிப் படம். தயங்காமல் காரை நிறுத்தினேன். என் தமக்கைக்குச் சிறு வயதில் இளம்பிள்ளை வாதம். அவளுடைய அடையாள அட்டை காரிலேயே கிடக்கும். காவலாளியிடம் அதைக் காட்டினேன். சலாம் போட்டான். அக்காவோ அப்போது சேலத்தில், வீட்டில் இருந்தாள்!

திரும்பி வந்தபோது, இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில் ஒருவர் காத்திருந்தார். காப்பித் தோட்டமொன்றில் கணக்கு எழுதுகிறவராம்.

"ரொம்ப நேரமாயிற்றா?" என்றேன்.

"அரை மணி இருக்கும். மற்ற இடமெல்லாம் சரிவு, ஊன்றுகோல் வழுக்கும். அதனாலென்ன? உங்கள் வீட்டில் யாருக்குங்க முடியவில்லை?"

அந்தக் கேள்வியில் குத்தல் இல்லை. அதனால்தான் குத்தியது.

ஊர் திரும்பியதும் சட்டத்தைப் புரட்டினேன். பிரிட்டனில் 1971-இல் இதற்கென்று ஆரஞ்சு அட்டை வந்தது. 2000-இல் அது நீல அட்டையாயிற்று. அட்டை ஆளுக்குத்தான், வண்டிக்கு அல்ல. அவர் பயணம் செய்யாதபோது அதைக் காட்டிச் சலுகை பெறுவது குற்றம். நம் நாட்டில் நாடு முழுவதற்குமான அப்படியொரு தனி அட்டை கிடையாது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டடங்களுக்கான வழிகாட்டு நெறிகள், நுழைவாயிலிலிருந்து 30 மீட்டருக்குள் இரண்டு இடமாவது, 3.6 மீட்டர் அகலத்தில் வேண்டும் என்கின்றன. இத்தகைய நெறிகள் வெறும் பரிந்துரையாக நின்றால் போதாது, கட்டாய விதிகள் வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

"அவ்வளவு அகலம் எதற்கு அக்கா?" என்று கேட்டேன்.

"கதவை முழுக்கத் திறந்து, பக்கத்தில் நாற்காலியைப் போட வேண்டாமாடா? பத்து வருஷமாய் நீதானே திறந்துவிடுகிறாய்!"

ஏற்காட்டுக் கதையைச் சொன்னேன். அவள் கோபிக்கவில்லை. மெல்ல எழுந்து வந்து, காரிலிருந்து அட்டையை எடுத்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

இப்போதும் அது அங்கேதான் இருக்கிறது.