பொம்பிளைச் சம்பளம்

உடுவில் ஊரின் செம்பாட்டு மண்ணில் வெங்காயம் நடுகை. ஆண்கள் மண்வெட்டியால் கொத்திப் பாத்தி கட்டி முடித்திருந்தார்கள். அதற்குப் பிறகு தோட்டத்தில் குனிந்து நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான்.

வேதாளன் என்கிற சின்ன வெங்காயம். குமிழின் தலை மேலே இருக்க, நுனி மண் மட்டத்தில் நிற்கும்படி ஊன்ற வேண்டும். ஆழமாகப் போனால் அழுகும். மேலோட்டமாக வைத்தால் தண்ணீர் பாயும்போது கிளம்பிவிடும். இடைவெளி நாலைந்து விரல். கயிறும் இல்லை, கோலும் இல்லை, விரல்தான் அளவு. நானும் ஒரு பாத்தியில் குந்தினேன். அக்கா ஒருவர் நான் நட்டதில் பாதியைப் பேசாமல் பிடுங்கித் திருப்பி நட்டார். எனக்கு நாரி பிடித்துக்கொண்டது.

"பாரமான வேலை ஆம்பிளையளுக்கு, லேசு வேலை எங்களுக்கு எண்டு சொல்லுவினம். லேசோ எண்டு உங்கடை நாரியைக் கேளுங்கோ பிள்ளை."

கொத்து முடித்த ஒருவர் மிச்ச நேரத்துக்கு எங்களோடு நட வந்தார். அதே பாத்தி, அதே குமிழ். அவர் கைக்குப் போனது ஆம்பிளைச் சம்பளம். பக்கத்தில் நட்டவர்களுக்குப் பொம்பிளைச் சம்பளம். பாரம் என்ற நியாயம் அங்கேயே உடைந்தது. யாரும் வாய் திறக்கவில்லை.

இதே ஊரில்தான் 1824இல் தொடங்கிய உடுவில் மகளிர் கல்லூரி இருக்கிறது. படித்து அரச சேவைக்குப் போனால், ஆசிரியையும் ஆசிரியரும் ஒரே தரத்தில் இருந்தால் ஒரே சம்பளம்; அது எழுதி வைத்த சம்பளம். சம்பளத்தை எழுதி வைத்தால் மட்டும் நீதி வந்துவிடும் என்றும் இல்லை. மலையகத் தோட்டங்களில் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று சம்பளச் சபையே எழுதி வைத்திருந்தது, 1984இல்தான் சமமானது. ஆனால் எழுதியிருந்ததால் அதை அழிக்க முடிந்தது. வேலியோரம் வாயால் பேசும் கூலியை எங்கே போய் அழிப்பது? சம ஊதியத்துக்கான சர்வதேச உடன்படிக்கையை இலங்கை 1993இல் ஏற்றது. 2016இன் குறைந்தபட்ச வேதனச் சட்டம் இருபாலாருக்கும் ஒரே அடித்தளம் போடுகிறது. அந்த அடித்தளத்துக்கு மேலே எவ்வளவு இடைவெளி விட்டாலும் அது கேட்பதில்லை.

தோட்டக்காரரைக் கேட்டேன். "ஊரிலை ஓடுற சம்பளம்தானே தங்கச்சி. நான் மட்டும் கூட்டினால் மற்றவை என்னோடை சண்டைக்கு வருவினம்." உரமும் எண்ணெயும் விற்கிற விலையில் அவருக்கும் நெருக்கடிதான். ஆனாலும் அந்த நெருக்கடியை ஆண்களின் கூலியில் அவர் கழிப்பதில்லை.

தேத்தண்ணி நேரத்தில் பெண்கள் வேறொரு கணக்குப் போட்டார்கள். அடுத்த காணியை நாள் கூலிக்கு இல்லாமல் கொந்தராத்தாக எடுப்பது. பாத்திக்கு இவ்வளவு என்றால் நட்டது ஆணா பெண்ணா என்ற கேள்வி வராது. உடம்பை இன்னும் முறித்து ஓட வைக்கும் ஏற்பாடாயிற்றே என்று எனக்குச் சந்தேகம், சொன்னேன். "அது எங்களுக்குத் தெரியும்" என்றார் அக்கா. யார் போய் விலை பேசுவது என்பதில்தான் அவர்களுக்குள் இழுபறி.