டீச்சர், கப்பல்ல சரக்கு ஃப்ரீயாமே?

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருக்கிறவர்கள் படியுங்கள்.

2025 ஜூலை 4-ஆம் தேதி நம் புதுச்சேரிக் கடலில் கோர்டீலியா சொகுசுக் கப்பல் வந்து நின்றது நினைவிருக்கும். பயணிகளைச் சின்னப் படகுகளில் ஏற்றி உப்பளம் துறைமுகத்தில் இறக்கினார்கள். மதுவும் சூதாட்டமும் வந்துவிடும் என்று எதிர்ப்பும் கிளம்பியது. 2022 ஜூனில் இதே கப்பல் வந்தபோது அனுமதி கிடைக்காமல் கடலிலேயே நின்று திரும்பிப் போனது. இந்த முறை இறங்கிவிட்டார்கள். அன்று சாயங்காலம் எதிர்வீட்டுப் பையன் கேட்டான். என்னிடம் நாலாங்கிளாஸ் படித்தவன், இப்போது அவன் பிள்ளையே நாலாங்கிளாஸ் படிக்கிறது.

"டீச்சர், நீங்க சிங்கப்பூர்லேர்ந்து ஒரு கப்பல்ல போனீங்களே, அதுல சரக்கெல்லாம் ஃப்ரீயாமே? எவ்ளோ வேணா குடிக்கலாமாமே?"

"ஃப்ரீ இல்லடா. டிக்கெட்லயே சேர்த்தி."

"ரெண்டும் ஒண்ணுதானே டீச்சர்?"

முப்பத்து நாலு வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்ததற்குப் பலன் இது. அவனுக்கு வாசலில் நின்று பதில் சொல்லி முடியாது என்றுதான் இங்கே எழுதுகிறேன். எங்க வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது, ஆனா என் பேரைப் போடாதே" என்றார். என் புருஷன் யார் என்று முத்தியால்பேட்டைக்கே தெரியும். இருந்தாலும் சொன்ன வார்த்தைக்கு மரியாதை கொடுக்கிறேன்.

முதலில் கப்பல் கணக்கு. நம் கடலுக்கு வந்த கோர்டீலியாவில் சாப்பாடு டிக்கெட்டில் சேர்த்தி, மது தனிக் காசு. (அந்தக் கப்பலைக் கட்டியது எங்கே தெரியுமா? பிரான்சில், சான் நசேர் என்ற ஊரில். 1990-இல் வேறு பெயரில் ஓட ஆரம்பித்தது. புதுச்சேரிக்கும் அதற்கும் அப்படி ஒரு தூரத்து உறவு.) அமெரிக்கப் பெரிய கப்பல்களில் குடிப்பதற்கென்று 'பேக்கேஜ்' விற்கிறார்கள். ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டால் அப்புறம் கிளாஸுக்குக் கிளாஸ் பில் கிடையாது. அதிலும் ஒரு கம்பெனி இருபத்து நாலு மணி நேரத்துக்குப் பதினைந்து மதுக் கிளாஸ்தான் என்று வரம்பு வைத்திருக்கிறது. பதினைந்துதானாம்! ஒரே அறையில் தங்குகிற பெரியவர்களில் ஒருவர் அதை வாங்கினால் மற்றவரும் வாங்கியாக வேண்டும் என்றும் சட்டம் போட்டிருக்கிறார்கள். புருஷன் பேக்கேஜில் பெண்டாட்டியும் குடித்துவிடுவாள் என்ற பயம்.

இன்னும் உயர்ந்த சொகுசுக் கப்பல்களில் இந்தத் தொல்லையே இல்லை. எல்லாம் டிக்கெட்டிலேயே அடக்கம். குடித்தாலும் அதே விலை, குடிக்காவிட்டாலும் அதே விலை. கப்பல்காரன் ஆறாங்கிளாஸ் சராசரிக் கணக்குப் போடுகிறான், அவ்வளவுதான். ஒருவர் பத்து குடிப்பார், ஒருவர் ஒன்றும் குடிக்கமாட்டார், சராசரி ஐந்து. அந்த ஐந்துக்கான காசு இரண்டு பேர் டிக்கெட்டிலும் ஏறும். ஆக, குடிக்காதவர் காசில்தான் அடுத்தவர் கடைசி ஐந்து கிளாஸைக் குடிக்கிறார்.

இந்தக் கணக்கு எனக்குக் கப்பலில் ஏறித்தான் தெரியவேண்டும் என்றில்லை. இருபது வருஷம் வீட்டிலேயே போட்ட கணக்கு.

எங்க வீட்டுக்காரர் மில்லில் வேலை பார்த்தார். எல்லாரையும் போல வாரச் சம்பள நாளில் ஆரம்பித்தது. சாராயக்கடையில் நோட்டுக் கணக்கு வைத்தார். தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் மதுவிலக்கு, நம் ஊரில் பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்தே தாராளம். விழுப்புரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் பஸ் ஏறி வந்து குடித்துவிட்டுப் போவார்கள் என்று என் அப்பா சொல்வார். வெளியூர்க்காரன் பஸ் பிடிக்கவேண்டும், எங்க வீட்டுக்காரருக்குத் தெருமுனை. மில் இழுத்துப் பறித்துக்கொண்டு ஓடிய காலத்தில் என் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. அதாவது என் சம்பளத்தில்தான் குடியும் நடந்தது. சேர்த்தி. இரண்டு வளையல் அடகுக்குப் போய்த் திரும்பவே இல்லை. ஸ்கூலில் பிள்ளைகள் நோட்டைத் திருத்திவிட்டு வந்து, வீட்டில் அரிசி டின்னுக்குப் பின்னால் பாட்டில் எண்ணுவேன். நேற்று எத்தனை, இன்று எத்தனை, எவ்வளவு குறைந்திருக்கிறது. பேனாவால் லேபிளில் சின்னக் கோடு போட்டு வைத்ததும் உண்டு.

2009-இல் மஞ்சள் காமாலை வந்து ஜிப்மரில் பன்னிரண்டு நாள் கிடந்தார். வெளியே வந்த பிறகு யாரோ ஒருவர் கையைப் பிடித்து ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கு அழைத்துப் போனார். அன்றிலிருந்து தொடவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு உரிமையில்லை, அது அவர் கதை.

2024 டிசம்பரில் எங்களுக்குத் திருமணமாகி நாற்பது வருஷம். சிங்கப்பூரில் இருக்கும் மகன் ஏழு ராத்திரிக் கப்பல் பயணம் போட்டுவிட்டான். சிங்கப்பூர், பினாங்கு, லங்காவி, புக்கெட், திரும்பச் சிங்கப்பூர். கூடவே கடலூர் சம்பந்தி வீட்டாரும். எல்லாம் கட்டி முடித்த பிறகுதான் "எல்லாமே சேர்த்திம்மா" என்றான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. "ட்ரிங்க்ஸை மட்டும் எடுத்துட்டு டிக்கெட் தரமாட்டானா?" என்று கேட்டேன். "பிரிக்க முடியாதும்மா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா பதினஞ்சு வருஷமா நல்லாத்தானே இருக்காரு" என்றான். அவனுக்கும் பயம் இருந்தது என்று குரலிலேயே தெரிந்தது.

அறைக்குள் நுழைந்ததும் மேஜைமேல் வெள்ளி வாளியில் ஐஸ், ஐஸுக்குள் ஒரு ஷாம்பெயின் பாட்டில், இரண்டு கிளாஸ். வரவேற்பாம். ஃப்ரிட்ஜைத் திறந்தால் பீர், விஸ்கி, இன்னும் என்னென்னவோ. தினமும் வந்து நிரப்புவார்களாம். எங்க வீட்டுக்காரர் அதைப் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் போய்க் கடலைப் பார்த்தார். நான் அறையைப் பார்த்துக்கொள்ளும் தம்பியைக் கூப்பிட்டேன். கோவாக்காரப் பையன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "திஸ் ஆல்... நோ. வி டோன்ட் வான்ட்" என்றேன். ஏன் என்று கேட்கவில்லை, முகத்தில் ஒரு கேள்விகூட இல்லை. ஐந்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு சோடாவும் தண்ணீரும் இஞ்சி பானமும் அடுக்கிவிட்டுப் போனான். அந்தப் பிள்ளை நன்றாயிருக்கவேண்டும்.

அறையைச் சுத்தம் செய்துவிடலாம், கப்பல் முழுவதையும் என்ன செய்வது? காலைச் சாப்பாட்டிலேயே ஆரஞ்சு ஜூஸ் பக்கத்தில் ஷாம்பெயின். நீச்சல் குளத்தருகே உட்கார்ந்தால் தட்டோடு ஒருவர் வந்து நிற்பார். ராத்திரிச் சாப்பாட்டில் உட்காரும் முன்பே வைன் ஊற்ற ஒருவர். நம் ஊரில் குடிக்கவேண்டுமென்றால் எழுந்து போகவேண்டும். இங்கே குடிக்காமல் இருப்பதற்குத்தான் வேலை செய்யவேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் கிளாஸ்மேல் கையை வைத்து மூடி, "நோ, தேங்க் யூ." ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று எண்ணினேன். பதினொன்று.

கப்பலில் இப்படி ஊற்றிக் கொடுப்பது ஒன்றும் புதிதில்லை. என் பெரியப்பா ஒருவர் பிரெஞ்சுப் பட்டாளத்து சொல்தா. சாப்பாட்டுக்கு வைன் பட்டாளத்துக் கணக்கில் வந்துவிடும் என்று பெருமையாகச் சொல்வார். பிரெஞ்சுக்காரர்களின் 'பிரான்ஸ்' என்ற பெரிய கப்பலில், 1962-இல் ஓடத் தொடங்கியது அது, சாதா வகுப்புக்காரர் மேஜையிலும் வைன் இலவசம். வெள்ளைக்காரன் கப்பற்படையில் தினம் ஒரு அளவு ரம் கொடுத்தார்கள். 1970 ஜூலை 31-ஆம் தேதிதான் அதை நிறுத்தினார்கள்.

எங்கள் சம்பந்தி நல்ல மனிதர். அளவாகக் குடிப்பவர். இவருடைய பழைய கதை அவருக்கு முழுசாகத் தெரியாது. முதல் ராத்திரியே சொன்னார், "என்ன சம்பந்தி, தண்ணியா குடிக்கிறீங்க? காசு கட்டியாச்சு. குடிக்கலைன்னா நமக்குத்தான் நஷ்டம்." மேஜையில் எல்லாரும் சிரித்தோம். எங்க வீட்டுக்காரரும் சிரித்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டாம் நாள் அறைக்கு வந்த நிகழ்ச்சித்தாளை வாசித்துக்கொண்டிருந்தேன். யோகா, சமையல் செய்முறை, பாட்டுக் கச்சேரி. நடுவில் ஒரு வரி: 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் பில் டபிள்யூ, மாலை 5 மணி.' "பில்லே இல்லாத கப்பல்ல பில்லுக்கு யாருங்க ஃப்ரெண்டு?" என்று கேட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "அது எங்க ஆளு" என்றார். பில் வில்சன். 1935-இல் அமெரிக்காவில் டாக்டர் பாப் என்பவரோடு சேர்ந்து ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸை ஆரம்பித்தவர். கப்பல்களில் அந்தக் கூட்டத்துக்கு இப்படி மறைபெயர் போடுவார்களாம். மற்றவர்களுக்குப் புரியாது, தேவைப்படுகிறவருக்குப் புரியும்.

"போறீங்களா?"

"எனக்கு என்ன இங்கிலீஷ் தெரியும்? சும்மா இரு" என்று படுத்துவிட்டார்.

மூன்றாம் நாள் கோவாத் தம்பிக்குப் பதில் வேறொருவர் அறைக்கு வந்திருக்கிறார். நாங்கள் பினாங்கு ஊர் சுற்றிவிட்டு வந்து களைப்பில் தூங்கிவிட்டோம். நடுராத்திரியில் ஃப்ரிட்ஜ் கதவு திறக்கும் சத்தம். அந்தச் சின்ன வெளிச்சத்தில் அவர் குனிந்து நிற்கிறார். உள்ளே முழுக்கப் பாட்டில், எல்லாவற்றையும் திரும்ப அடுக்கி வைத்திருக்கிறார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். எழுந்து விளக்கைப் போட்டிருக்கலாம், "என்னங்க" என்று கூப்பிட்டிருக்கலாம். நாக்கு எழவில்லை. கதவு திறந்தே இருந்தது ரொம்ப நேரம். அப்புறம் மூடியது. அவர் வந்து படுத்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசனை வருகிறதா என்று பார்த்தேன். அறுபத்து மூன்று வயதில், மலாக்கா ஜலசந்தி நடுவில்.

விடிந்து அவர் குளிக்கப் போனதும் ஃப்ரிட்ஜைத் திறந்து எண்ணினேன். பழைய பழக்கம். ஒவ்வொரு மூடியையும் திருகிப் பார்த்தேன். முன்வரிசையில் ஒரு தண்ணீர் பாட்டில் மட்டும் இல்லை. நிமிர்ந்தால், துண்டோடு கதவருகே அவர் நிற்கிறார்.

"எண்ணிட்டியா? சரியா இருக்கா?"

கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கட்டிலில் உட்கார்ந்து, "ரொம்ப நேரம் நின்னேன். பொய் சொல்லமாட்டேன்" என்றார். அன்றைக்கு நாங்கள் லங்காவியில் இறங்கவில்லை. சம்பந்தி வீட்டாரிடம் தலைவலி என்று சொன்னேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்குச் சட்டையை மாற்றிக்கொண்டு, "அந்த பில் வீட்டுக்குப் போய்ட்டு வரேன்" என்று கிளம்பினார். ஒரு மணி நேரம் கழித்து வந்தார். மொத்தம் நாலு பேராம். ஒருவர் ஆஸ்திரேலியாவில் மாடு வளர்க்கிறவர், முப்பத்தொரு வருஷமாகத் தொடாதவர். "என்ன பேசினீங்க?" என்றேன். "பேரைச் சொன்னேன். அப்புறம் தமிழ்லயே பேசிட்டேன். எல்லாரும் தலையாட்டினாங்க" என்றார். மீதி நாட்கள் ஐந்து மணி ஆனால் அவருக்கு அங்கேதான். அன்று ராத்திரியே சம்பந்தியைத் தனியாக அழைத்துப்போய் எல்லாவற்றையும் அவரே சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம் எங்கள் மேஜையில் யாரும் நஷ்டத்தைப் பற்றிப் பேசவில்லை.

கடைசி நாள் காலையில் கோவாத் தம்பி அந்த முதல் நாள் ஷாம்பெயினைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தான். உங்களுடையது, எடுத்துப்போகலாம் என்றான். எனக்குக் கையே போகவில்லை. எங்க வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டு நேராகச் சம்பந்தி அறைக்குப் போனார். "காசு கட்டியாச்சு சம்பந்தி, நஷ்டம் ஆகக்கூடாது" என்று அவர் கையில் கொடுத்தார்.

போன மாதம் கடலூர் போயிருந்தோம். அது இன்னும் பெட்டியோடு அவர் வீட்டு ஷோகேஸில், பேத்தி வாங்கிய கோப்பைக்குப் பக்கத்தில் இருக்கிறது. சம்பந்தியம்மா காபி கொண்டுவந்தார்.