பாய்மரம் மாற்ற வந்த கப்பல்

திருகோணமலை உட்துறைமுக வீதியால் காலையில் நடந்தால் பக்கத்தில் இருப்பது கடல் என்ற நினைப்பே வராது. குன்றுகளுக்கு நடுவே ஏரி போலத் தண்ணீர் அசையாமல் கிடக்கும். நீர்ப்பரப்பு 1,630 ஹெக்டேர். நுழைவாயிலின் அகலமோ வெறும் 500 மீற்றர். வாடைக் காற்றில் வெளிக்கடல் கொந்தளிக்கும் மார்கழியிலும் உள்ளே நங்கூரம் போட்ட படகுக்குப் பயமில்லை. நான் போனது பங்குனியில். மீன்பிடி வள்ளங்களுக்கு அப்பால் இரண்டு வெளிநாட்டுப் பாய்ப்படகுகள் நின்றன. படகிலே உலகம் சுற்றுகிறவர்கள் இலங்கைக்குள் நுழையக்கூடிய துறைமுகங்களில் காலி, கொழும்போடு இதுவும் ஒன்று. உள்ளூர்க் கப்பல் முகவர் ஒருவரைப் பிடித்துத்தான் பதிவு செய்ய வேண்டும்.

இத்தகைய படகுகளைக் கண்டால் என் கண் முதலில் போவது கப்பிக்கும் கயிற்றுக்கும்தான். ஆம்ஸ்டர்டாம் தந்த பழக்கம் அது. அங்கே ராய் மண்டபத்தில் ஆண்டுதோறும் நவம்பரில் மெட்ஸ்ட்ரேட் என்ற வணிகக் கண்காட்சி நடக்கிறது. 1988இல் தொடங்கியது, உல்லாசப் படகுச் சாமான்களுக்கு உலகிலேயே பெரியது இதுதான். உறவினர் ஒருவரின் வியாபாரத்துக்குத் துணையாகப் போயிருந்தேன். பளபளக்கும் படகுகளைப் பார்க்கலாம் என்ற ஆசை வாசலிலேயே போய்விட்டது. முழுப் படகு வாங்கும் பணக்காரர் மொனாக்கோவின் படகுக் கண்காட்சிக்குப் போவார். இங்கே வருவது படகு கட்டுகிறவரும் பழுது பார்க்கிறவரும், பொதுமக்களுக்கு அனுமதியில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட கடைகளில் நீரிறைக்கும் பம்பு, கதவுக் கீல், நங்கூரச் சங்கிலி, பாய்த்துணி, அடிப்பூச்சு, கழிவறைத் தொட்டி. ஆடம்பரப் பெருங்கலங்களுக்கென்று தனிப் பகுதியே உண்டு. அங்கும் குழாயும் வால்வும்தான்.

ஒரு விஷயம் அங்கேதான் உறைத்தது. படகை ஒருமுறைதான் வாங்குகிறார்கள். அதைப் பேணுவதற்கு அது மிதக்கும் நாள்வரை காசு போய்க்கொண்டே இருக்கும். விலையில் பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் பராமரிப்புக்குப் போகும் என்பது தொழில்காரர் வாயில் புழங்கும் கணக்கு. அந்தக் காசு படகு வாங்கிய ஊரில் செலவாவதில்லை, பழுது பார்க்கிற ஊரில்தான் செலவாகும்.

திருகோணமலைக்குப் பழுது பார்ப்பது புதிய தொழிலா? உள்துறைமுகத்துக்குத் தெற்கே விரியும் கொட்டியாரக் குடாவுக்கு ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல் வந்ததே பழுது பார்க்கத்தான். 1659 நவம்பரில் சோழமண்டலக் கரையில் புயலில் சிக்கிப் பாய்மரத்தை இழந்து, புது மரம் நாட்டுவதற்காக இங்கே ஒதுங்கியது. வந்தவர்களைக் கண்டி அரசனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருவரான ரொபர்ட் நொக்ஸ் 19 ஆண்டுகளுக்குப் பிறகு தப்பிப்போய், 1681இல் இலங்கை பற்றிப் புத்தகம் எழுதினார். குடாக் கரையிலுள்ள மூதூரில் அவர் பெயர் சொல்லும் நினைவுக்கல் உண்டு.

பிறகு இங்கே நிலைகொண்ட பிரித்தானியக் கடற்படைக்கும் பழுது பார்க்கும் இடம் தேவைப்பட்டது. 1944 ஆகஸ்ட் 8ஆம் திகதி ‘வேலியன்ட்’ போர்க்கப்பலைத் தூக்கி வைத்திருந்தபோதே இங்கிருந்த மிதக்கும் துறை பாரந்தாங்காமல் உடைந்து அமிழ்ந்தது. கப்பல் சேதத்தோடு தப்பியது. 1957இல் பிரித்தானியர் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள்.

கப்பல் கட்டுவதிலும் நம்மவர்கள் சளைத்தவர்களல்லர். வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பலை அமெரிக்கப் படகோட்டி வில்லியம் ஆல்பர்ட் ரொபின்சன் வாங்கி, மனைவியின் பெயரைச் சூட்டினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதை ஓட்டிக்கொண்டுபோய் 1938இல் மசாசூசெற்ஸின் குளொஸ்ரர் துறைமுகத்தில் கொண்டுசேர்த்தார்கள். பின்னாளில் நோர்வே உதவியோடு காரைநகரில் எழுந்த சீநோர் பட்டறையில் கண்ணாடியிழைப் படகுகளும் செய்தார்கள்.

அன்று மத்தியானம் கரையோரப் பட்டறை ஒன்றில் ஒதுங்கினேன். கவிழ்த்துப் போட்ட பைபர் வள்ளத்தின் அணியத்தில் உள்ளங்கை அகலத்தில் ஓட்டை. அதைச் சுற்றி ஓரத்தைச் சரிவாகத் தேய்த்து எடுத்திருந்தார் ஓர் இளைஞர். பழைய தேநீர்க் கோப்பையில் ரெசினை ஊற்றி, மூடியால் அளந்து ஹாட்னரைச் சொட்டினார். சொட்டும்போதே முகட்டுத் தகரத்தை அண்ணாந்து பார்த்தார்.

“மேல ஏன் தம்பி பார்க்கிறீங்கள்?”

“வெயில் ஏறினா ஹாட்னரைக் குறைக்கோணும் அண்ணை. இல்லாட்டி பூசமுன்னமே கோப்பைக்குள்ள கல்லாப் போயிடும்.”

இழைப்பாயை ஒன்றின்மேல் ஒன்றாகப் படியவைத்து, காற்றுக் குமிழி ஒன்றும் தங்காமல் உருளையால் உருட்டினார். ஆம்ஸ்டர்டாமில் இதே வேலையைக் கண்ணாடிக் கூண்டுக்குள் கையுறை போட்டுச் செய்து காட்டினார்கள், சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். இவர் கையில் கையுறை இல்லை, முகத்தில் மூடி இல்லை. செய்த வேலைக்கு ஒரு சான்றிதழும் இல்லை. அது இல்லாமல் துறைமுகத்தில் நிற்கும் அந்த வெளிநாட்டுப் படகுகளை யாரும் இவரிடம் தரமாட்டார்கள், காப்புறுதிக்காரர் விடமாட்டார்.

திருகோணமலைக்கு மரீனா வேண்டும், படகுக் கண்காட்சி வேண்டும் என்று பேசுகிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. கொச்சியில் மரீனாவும் இருக்கிறது, படகுக் கண்காட்சியும் நடக்கிறது. இங்கே ஏன் கூடாது? ஆனால் வரிசை மாறக்கூடாது. முதலில் இந்தப் பட்டறைப் பிள்ளைகளுக்கு ஒழுங்கான பயிற்சி, பாதுகாப்புச் சாமான், வெளிநாட்டுக் காப்புறுதிக்காரர் ஏற்கும் சான்றிதழ். அடுத்து, படகைக் கரையேற்றித் தூக்கி வைக்க ஓர் இடம். கண்காட்சி அதற்குப் பிறகு. அப்போதும் முன்வரிசைக் கடைகளை இவர்களுக்கே கொடுங்கள். இல்லாவிட்டால் கண்காட்சிக்கு வருகிறவர்கள் நம் கடலைப் படம்பிடித்துக்கொண்டு, படகைப் பழுது பார்க்கத் தாய்லாந்துக்குப் போய்விடுவார்கள்.