வரியின் விளிம்பில் ஒரு பத்தி

சென்ற ஆண்டு மறைந்த நண்பர் ஒருவரின் கைப்பிரதியைத் தட்டச்சு செய்யும் பொறுப்பு எங்கள் மூவரிடம் வந்து சேர்ந்தது. நோட்டுப் புத்தகம் ஒன்றில் எழுதிய ஒரே சிறுகதை. கையெழுத்து தெளிவு, அடித்தல் திருத்தல் அதிகமில்லை. இரண்டு மாலைகளில் முடித்துவிடலாம் என்று எண்ணினோம். ஐந்து வாரங்கள் ஆயின.

சிக்கல் பத்திகளில் இருந்தது. நண்பர் புதிய பத்தியைச் சற்று உள்ளே தள்ளித் தொடங்குபவர் அல்லர். வாக்கியத்தை முடித்ததும் அவ்வரியில் எஞ்சிய இடத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். வாக்கியம் சரியாக வரியின் விளிம்பில் முடிந்துவிட்டாலோ, பத்தி அங்கே முடிகிறதா தொடர்கிறதா என்று அறிய வழியில்லை. அத்தகைய இடங்கள் பதினொன்று. பேசுபவர் மாறினால், பொழுது மாறினால் பிரிப்பது என்ற பள்ளிக்கூட விதியைக் கொண்டே பத்து இடங்களைத் தீர்த்துவிட்டோம். (புள்ளியும் பத்தியும் இல்லாத ஏடுகளிலிருந்து 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தவர் உ.வே.சாமிநாதையர். அவரை இங்கே நினைத்துக்கொண்டது அதிகப்பிரசங்கித்தனம்தான்.)

எஞ்சிய ஓரிடம் எங்களைப் படுத்திவிட்டது. வேலை போன மகன் பின்னிரவில் வீடு திரும்புகிறான். அதைப் பற்றி அவன் சொல்லவில்லை, தாய் கேட்கவுமில்லை. சாப்பிட்டு எழுந்து கை கழுவுகிறான். வரி விளிம்பைத் தொட்டுவிடுகிறது. அடுத்த வரியில் தாய் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, காதுத் தோடுகளைக் கழற்றி அவன்முன் வைக்கிறாள்.

பிரித்தால் இடையில் ஒரு மௌனம் விழுகிறது. அம்மௌனத்தில் அவள் யோசித்திருக்கிறாள், தயங்கியிருக்கிறாள். ஃப்ளோபேரின் 1869ஆம் ஆண்டு நாவலான ‘செண்டிமெண்டல் எஜுகேஷ’னில் மிக அழகானது ஒரு வாக்கியமன்று, ஒரு வெற்றிடமே என்று 1920இல் ப்ரூஸ்ட் எழுதியதை எங்களில் ஒருவர் எடுத்துக்காட்டினார். தெருவில் நிகழும் ஒரு கொலைக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவே, ஓர் அறிவிப்புமின்றி, பல ஆண்டுகள் கடந்துவிடும் இடம் அது. இங்கே கடக்க வேண்டியது சில நிமிடங்கள்தாம் என்றாலும் வேலை ஒன்றே என்பது அவர் வாதம்.

சேர்த்து வாசித்தால் தோட்டைக் கழற்றுவது தட்டைக் கழுவுவதுபோல் அவ்விரவின் இன்னொரு வீட்டுவேலையாகிவிடுகிறது. எங்களில் இருவருக்கு அதுவே தாங்க முடியாததாக இருந்தது. பத்தியின் முதல் வாக்கியத்துக்குத் தானாகவே ஒரு வெளிச்சம் கிடைத்துவிடுகிறது. அவ்வெளிச்சத்தைத் தேடுகிறவளாக அந்தத் தாயை நண்பர் எழுதவில்லை என்று எங்களுக்குத் தோன்றியது.

ஒரு பத்திதானே என்று விட்டுவிட முடியவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றிதழ், பக்கத்தை மிச்சப்படுத்த வேண்டி, அவருடைய கதையொன்றின் பத்திகளை ஒன்றாக்கி வெளியிட்டது. அவர் சண்டையிடவில்லை, பிறகு அவ்விதழுக்கு எதையும் அனுப்பவுமில்லை. இப்போது கேட்பதற்கு அவர் இல்லை.

அவருடைய மனைவியிடம் சென்றோம். நிகழ்ந்ததைத்தான் எழுதியிருப்பார், எப்படி நிகழ்ந்தது என்று தெரிந்தால் தெளிவு கிடைக்கும் என்பது எங்கள் எண்ணம். அவர் அப்பக்கத்தை இருமுறை வாசித்தார். “அத்தை கடைசிவரைக்கும் தோட்டைக் கழட்டினதே இல்லையே” என்றார். பிறகு நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் திருப்பித் தரவில்லை.

சேர்த்தே அச்சுக்குக் கொடுத்தோம். எங்களில் ஒருவர் மட்டும் தம்முடைய பிரதியில் அவ்விடத்தில் பென்சிலால் ஒரு கோடு கிழித்து வைத்திருக்கிறார்.